குடியிருந்த சுவர்கள்

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த டைரி காஜா பாய் கொடுத்தது. எங்கள் பார்சல் ஆபீஸில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய ஒன்று. "இருளப்பா, ஆஸ்பத்திரியில செவத்தப் பாத்து உக்காந்திருக்கிறதுக்கு எதையாச்சும் எழுதிக்கிட்டு இருப்பா" என்றார். மேனேஜர் சொன்னால் கேட்க வேண்டும். எழுதுகிறேன்.

என் மனைவி சோலையம்மாளுக்கு டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது மாதம். செவ்வாயும் வெள்ளியும் வருகிறோம். இடது கையில் ஊசி குத்தி இரண்டு குழாய்களை மாட்டிவிடுவார்கள். இரத்தம் வெளியே போய் இயந்திரத்தில் சுத்தமாகித் திரும்பி வரும். அதுவரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஊர் முழுக்க ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவளுக்குக் கையை அசைக்காதே என்றால் எப்படி இருக்கும்?

இன்று செய்தித்தாளோடு வந்த இணைப்பை வலது கையால் கிழித்துக்கொண்டே இருந்தாள். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இழுத்துக் கிழித்தாள். நீளநீளமாக, பிறகு சின்னச் சின்னதாக. நர்ஸ் ஜெனிட்டா வந்து கட்டிலைப் பார்த்தார்.

"என்னம்மா, குருவி கூடு கட்டுற மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க?"

"இவரு கூட்டிருவாரு சிஸ்டர்" என்றாள் சோலை, என்னைக் கேட்காமலே.

கூட்டினேன். போடலாம் என்று குப்பைத் தொட்டிக்குப் போனால், "போட்றாதீங்க, பைல எடுத்து வைங்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். அடுத்த தாளின் முனையைப் பல்லில் கடித்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒரு பை நிறைய காகிதத் துண்டுகள் சேர்ந்துவிட்டன. பசை வாங்கி வரச் சொன்னாள். சின்ன டப்பா வாங்கினேன். "இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. பெருசா வாங்குங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் படம் முடிந்தது. ஸ்வீட் பெட்டியின் மூடிதான் பலகை. சாம்பல், வெள்ளை, இளநீலக் காகிதங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் ஜாக்கெட்டுக்கு வைக்கும் கொக்கிகள் வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. மேலே மெல்லிய காகிதம் ஒட்டி, காய்ந்ததும் ஈர விரலால் தேய்த்து, அங்கங்கே அடியில் இருந்ததை வெளியே வரவைத்திருந்தாள்.

"நல்லாருக்கு. கடல்தானே?" என்றேன்.

"படுத்தா என் கண்ணுக்குத் தெரியிற மச்சுங்க அது. அந்தக் கொக்கிதான் டியூப் லைட்டு. நாலு மணி நேரம் நான் வேறென்னத்தப் பாக்குறேன்?"

நானும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியில் ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர். இந்த ஊரில் காதுகுத்திலிருந்து கருமாதி வரை எல்லாவற்றுக்கும் போஸ்டர் உண்டு. ஒட்டியதன் மேலேயே ஒட்டி ஒட்டி, அந்தச் சுவருக்கே இன்னொரு சுவர் முளைத்த மாதிரி இருக்கும். சோலை நின்றாள். ஒரு மூலை பிரிந்து தொங்கியது. பிடித்து இழுத்தாள். அப்பளம் போல ஒரு பெரிய துண்டு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. ஒரு விரல் கனம் இருக்கும்.

எனக்கு வியர்த்துவிட்டது. "ஏய் சோலை! யாரு போஸ்டரோ என்னமோ. பாத்தாய்ங்கன்னா சண்டைக்கு வந்துருவாய்ங்க."

"மேல இருக்குறது போன மாசத்துக் கல்யாணம். அவுக இந்நேரம் மறுவீடே போயிட்டு வந்திருப்பாக. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

ஐம்பத்தோரு வயதில், டயாலிசிஸ் முடிந்த மனைவியோடு, பட்டப்பகலில் போஸ்டர் திருடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் அதற்கும் ஒரு சீட்டுக்குக் காசு கேட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

பாத்திரம் கழுவும் பேசினில் அந்தத் துண்டை ஊற வைத்தோம். மைதா பசை இளகியதும் ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தாள். கல்யாணத்துக்கு அடியில் கண்ணீர் அஞ்சலி. அதற்கு அடியில் பூப்புனித நீராட்டு. அதற்கும் அடியில் ஒரு பொருட்காட்சி. ஒருவருடைய சிரிப்பின் மேல் இன்னொருவருடைய மாலை ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது.

எங்களுக்குள் வேலை தானாகப் பிரிந்துகொண்டது. இடது கையில் கனம் தூக்கக் கூடாதாகையால் பலகையைப் பிடிப்பது, பசை தடவுவது, அரிசி டிரம்மைத் தூக்கி மேலே வைத்து அமுக்குவது எல்லாம் நான். எதை எங்கே ஒட்டுவது என்பது அவள். நான் ஒரு தடவை நேராக ஒட்டிவிட்டேன். "லாரியில மூட்டை அடுக்குற மாதிரி அடுக்காதீங்க" என்று பிய்த்துப் போட்டாள்.

சிகரெட்டை விட்டுவிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

அரை நாள் லீவு. கம்பெனி வேலையாக வெளியே போனதாக வீட்டில் சொன்னேன். கம்பெனியில் வீட்டு வேலை என்று சொன்னேன். கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சை பஸ்ஸிலேயே எடுத்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

காஜா பாய் ஒரு பெரிய டிவி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, லோடுமேன் தலையில் ஏற்றி அனுப்பியிருந்தார். கூடத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தால் சோலையின் தோள் உயரம்.

"இதுல என்ன?" என்றேன்.

"நம்ம வீடுக."

எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் மூன்று வாடகை வீடுகள் மாறிவிட்டோம். அவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லையாம். ஒரு வீட்டின் மேலேயே அடுத்த வீடு. முதலில் சிம்மக்கல் வீட்டை முழுசாக ஒட்டி முடித்துவிட்டு, அதை மூடி தெற்குவாசல் வீடு. அதை மூடி செல்லூர். அப்புறம் ஒவ்வொன்றிலும் ஜன்னல் அளவுக்குத் தேய்த்துத் திறப்பாளாம்.

"அடியில இருக்குறது யாருக்குத் தெரியப் போகுது? அவ்வளவு மெனக்கெடணுமா?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள்.

சிம்மக்கல் வீட்டுக்கு என்று அவள் எடுத்து வைத்தவை: தேயிலைச் சாயம் பிடித்த துணி, பழைய தினசரிக் காலண்டர் தாள்கள், என்னுடைய கிழிந்த கைலியிலிருந்து ஒரு கட்டம். அந்த வீட்டில் கல்யாணமான புதிதில் ஒரே அறை, ஒரே பல்பு. எனக்கு ஞாபகம் இருப்பது மழைக்கு ஒழுகியது. அவளுக்கு ஞாபகம் இருப்பது, ஒழுகாத மூலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பழைய வீடுகளைப் பார்க்க வேண்டும் என்றாள். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புப் பொருக்கு வேண்டுமாம். காலையிலேயே கிளம்பினோம்.

சிம்மக்கல் வீடு இடிந்து மொபைல் கடை ஆகியிருந்தது. செல்லூர் வீடு அப்படியே இருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும்.

"நாங்க முன்னாடி இங்க குடியிருந்தவங்க" என்றேன்.

"வீடு காலி இல்லையே அண்ணே."

"வீடு வேணாம்மா. செவத்துல கொஞ்சம் பேத்துக்கிறோம்."

அந்தப் பெண் உள்ளே திரும்பி, "ஏங்க, இங்கிட்டுக் கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டது. சோலை என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணே தோசைக் கரண்டியால் மாடிப்படிச் சுவரைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தது. பச்சை, அதற்கு அடியில் ரோஸ், அதற்கு அடியில் நாங்கள் இருந்தபோது அடித்த நீலம். காபியும் கொடுத்தது. சோலைக்கு நீர் அளவோடுதான் என்பதால் கால் டம்ளர் போதும் என்று சொன்னேன்.

தெற்குவாசலில் வீட்டு வாசல் வரை போனோம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே குழந்தைகள் சத்தம். சோலை படியேறவில்லை. எதிர்க் கடையில் ஒரு சோடா வாங்கி நான் குடித்து முடிக்கும் வரை அந்த வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "போவோம்" என்றாள். சுண்ணாம்பு எடுக்கவில்லை.

வரும் வழியில் வெயில் அதிகம்.

ஏப்ரல் 10, வியாழன்

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். எல்லாம் பொருந்துகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னால் எழுந்து போக முடியாதல்லவா, அதனால் அந்த நேரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"சோலை, எனக்கு டெஸ்டெல்லாம் எடுத்தாச்சு. ரெண்டு கிட்னியும் நல்லாருக்காம். ஒண்ணு உனக்கு வைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் மச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீக?"

"யாரைக் கேக்கணும்? என் ஒடம்பு."

"அப்ப வாங்கிக்கிறது என் ஒடம்பு. எனக்கு வேணாம்."

குரலைத் தாழ்த்தித்தான் சண்டை போட்டோம். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தார். ரெண்டு பேரும் படுத்துவிட்டால் யார் பார்ப்பது, என் வேலை என்ன ஆவது, மூட்டை தூக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"இத்தன வருசத்துல உங்க கையில ஒரு பிள்ளையக் கூட நான் குடுக்கல. இப்ப இதையும் உங்ககிட்ட இருந்து பிடுங்கிக்கணுமா?"

ஜெனிட்டா சிஸ்டர் வந்து பி.பி. பார்த்தார். "அம்மாவுக்கு ஏறிருக்கு. சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். வெளியே இருந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பேச்சு இல்லை. "சாப்பாடு", "மாத்திரை", இவ்வளவுதான். தெற்குவாசல் வீட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறாள், என்னைக் கூப்பிடாமல். பசையும் அவளே. அட்டையைத் தையல் மிஷினில் விட்டுத் தைக்கப் பார்த்து ஊசி ஒடிந்தது. நான் புது ஊசி மாட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தெற்குவாசலுக்கு மேல் செல்லூரையும் ஒட்டிவிட்டாள். கீழே உள்ளதைத் திறக்க, நனைந்த விரலால் ஜன்னல் ஜன்னலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து பார்த்தேன். தெற்குவாசல் வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் தேய்க்கவில்லை. அதைச் சுற்றிக் கறுப்பு நூலால் நாலு பக்கமும் தையல் போட்டிருக்கிறாள், ஆடைக்கு ஓரம் அடிக்கிற மாதிரி. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

உருளைக்கிழங்கை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினேன். நான் உப்பு போட மறந்துவிட்டதாகச் சொன்னாள். உப்பே போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்தது நீ என்றேன். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

மே 2, வெள்ளி

டயாலிசிஸ் நடுவில் பி.பி. விழுந்துவிட்டது. கண் மேலே போய்விட்டது. காலைத் தூக்கிப் பிடி என்றார்கள், பிடித்தேன். அப்புறம் வெளியே போகச் சொன்னார்கள். சரியாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. செருப்பை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். படியேறும்போதுதான் தெரிந்தது.

மே 4, ஞாயிறு

காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். யோசித்து வைத்த பதில் எதையும் சொல்லவில்லை.

"சோலை, உனக்காக வாங்கிக்க வேணாம். எனக்காக வாங்கிக்க. எனக்கு ஒத்தையில இருக்கத் தெரியாது."

அவள் கஞ்சியை மெல்லக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து போய் பீரோவிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சிவப்பு வெல்வெட் அட்டை, கறையான் அரித்தது போக மூன்றே படங்கள்தான் மிச்சம். கத்தரியை என் கையில் கொடுத்தாள்.

"வெட்டுங்க."

"இதையா? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"பீரோவுக்குள்ள இருந்து என்ன செய்யப் போகுது? ஒவ்வொரு வீட்லயும் நம்ம ரெண்டு பேரும் இருக்கணும்ல. ஆனா தனித்தனியா வெட்டாதீங்க. சேத்து வெட்டுங்க."

வெட்டினேன். அழகர்கோவிலில் தாலி கட்டுகிற படம், மாலை மாற்றுகிற படம், பந்தியில் காஜா பாய் நடுவில் நின்று இலையைப் பார்க்கிற படம். கத்தரி தப்பி ஒரு படத்தில் என் காது போய்விட்டது. "பரவால்ல, கேக்காத காதுதானே" என்றாள். பசை தடவச் சொன்னாள். சிம்மக்கல் ஜன்னலில் ஒன்று, செல்லூர் மாடிப்படியில் ஒன்று. மேலே டிஷ்யூத் தாள் ஒட்டி, மஞ்சள் தண்ணீர் தடவி, எங்களை அரைகுறையாகத் தெரிகிற மாதிரி செய்தாள்.

கடைசிப் படத்தை அமுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்கு எப்ப வரச் சொல்லிருக்காக?"

டிரம்மைத் தூக்கி மேலே வைத்தேன். இன்றைக்கு அது கனக்கவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்று வாரமாக டெஸ்டுகள். இருவருக்கும் எல்லாம் சரி. இன்று ஆஸ்பத்திரியில் பேப்பர்களைச் சரிபார்க்கிற தம்பி ஒருவர் கூப்பிட்டார். தானம் கொடுப்பவர் உண்மையிலேயே உறவுதானா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று ஒரு குழு விசாரிக்குமாம். அது நல்லதுதான்.

"மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா சார்?"

"கோயில்ல கட்டுனதுப்பா. அப்ப பதியல."

"ரேஷன் கார்டு, ஆதார் ஓகே. பிள்ளைங்க?"

"இல்ல."

"அப்ப கல்யாண போட்டோ எல்லாத்தையும் கொண்டு வந்துருங்க. அது ரொம்ப முக்கியம்."

சோலையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

படம் எடுத்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். அங்கே இப்போது பல் ஆஸ்பத்திரி. சோலையின் தம்பியைக் கேட்டேன், அவனிடம் ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்தால் அவள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் வைத்துக்கொண்டு அட்டை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஊறவைத்துப் படங்களை உரிக்கப் போகிறாளாம்.

"உரிச்சா மத்ததெல்லாம் கிழிஞ்சிருமே?"

"கிழிஞ்சாக் கிழியுது. வேறென்ன பண்ணச் சொல்றீக?"

இத்தனை மாதம். ஒரு கை கட்டிப் போட்டிருந்த காலத்தில் அவள் செய்தது இது ஒன்றுதான். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை வாளியில் கொட்டினேன்.

"அவுக போட்டோதானே கேட்டாக? அப்படியே தூக்கிக்கிட்டுப் போவோம்."

"அம்புட்டுப் பெரிய அட்டையையா?"

"நான் பார்சல் ஆபீஸ்ல வேலை பாக்குறவன்."

ஜூன் 25, புதன்

காஜா பாய் குட்டி யானை வண்டி கொடுத்தார், கூடவே அவரும் ஏறிக்கொண்டார். எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் அவர்தான், சாட்சி சொல்ல வருகிறார். பழைய போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, மேலே "உடையும் பொருள்" என்று நானே எழுதினேன். லிஃப்டில் நுழையவில்லை. மூன்று மாடி படியேறிக் கொண்டுபோனோம்.

மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் நரைத்த கூந்தலை முடிந்த ஒரு டாக்டரம்மா.

"போட்டோ எங்க?"

போர்வையை அவிழ்த்தேன். சுவரில் சாய்த்து வைத்தேன். ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இது என்ன?"

"போட்டோதாங்க. கொஞ்சம் உள்ள இருக்கு" என்றேன்.

சோலை எழுந்து போய் விரல் வைத்துக் காட்ட ஆரம்பித்தாள். இது சிம்மக்கல், இது ஒழுகின இடம், இது அவுக கைலி, இது செல்லூர், இது அழகர்கோவில்ல தாலி கட்டுனப்ப. "இந்தா நிக்கிறாரே, இலையவே பாத்துக்கிட்டு, அது இந்த பாய்தான்." காஜா பாய் எழுந்து நின்று, படத்தில் நிற்கிற மாதிரியே நின்று காட்டினார். ஒருவர் சிரித்துவிட்டார்.

டாக்டரம்மா எழுந்து கிட்டே வந்தார். ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர், தெற்குவாசலில் நின்றார்.

"எல்லாம் திறந்திருக்கு. இது மட்டும் ஏன் மூடி, தையல் போட்டிருக்கு?"

சோலை அந்தத் தையல்மேல் விரலை வைத்தாள். அப்போது யாரோ பேசுவது கேட்டது. நான்தான்.

"அந்த வீட்ல இருந்தப்ப எங்களுக்கு ஒரு பிள்ளை உண்டாச்சுங்க. அஞ்சாம் மாசம் தங்காமப் போச்சு. அப்புறம் உண்டாகல. நாங்க அதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்லைங்க. பேசினா இவ அழுவான்னு நான் பேசல. நான் பேசலைங்கிறதால எனக்கு இவ மேல வருத்தம்னு இவ நெனச்சுக்கிட்டா போல. வருத்தம் இல்லைங்க. ஒரு நாளும் இல்ல. பிள்ளைக்காக நான் இவளக் கட்டல."

டாக்டரம்மா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். என்னைத் தனியே அழைத்துச் சில கேள்விகள், சோலையைத் தனியே சில கேள்விகள் கேட்டார்கள். கட்டாயப்படுத்தினார்களா என்று அவளிடம் கேட்டதற்கு, "ஆமாங்க, இவருதான் என்னைக் கட்டாயப்படுத்துனாரு" என்றாளாம்.

சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பாய் முன்னால் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பின்னால், அட்டையைப் பிடித்துக்கொண்டு. பாலத்தில் வண்டி மெல்லப் போனபோது சோலை கேட்டாள்:

"அதுக்குப் பேரு எதுவும் யோசிச்சு வச்சிருந்தீகளா?"

"ம்."

"என்ன?"

சொன்னேன். ஒரு தடவை அவளும் சொல்லிப் பார்த்தாள். இங்கே எழுதவில்லை.

ஜூலை 30, புதன்

நாளை ஆபரேஷன். எனக்கு ஒரு வார்டு, அவளுக்கு ஒரு வார்டு. சாயங்காலம் பார்க்க விட்டார்கள். இருவருக்கும் ஒரே பச்சை அங்கி, முதுகுப் பக்கம் முடிச்சு.

"நல்லாவா இருக்கு?" என்றேன்.

"துணி பரவால்ல. வெட்டு சரியில்ல. கழுத்து இம்புட்டு எறக்கமா வைப்பாகளா?" என்று என் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டாள். கட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வலி. எழுத முடியவில்லை. அவளுக்கு வேலை செய்கிறதாம். ஜெனிட்டா சிஸ்டர் தன் டூட்டி இல்லாத நேரத்தில் மாடி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வீல் சேரில் அவள் வார்டு வரை கூட்டிப் போனார்கள். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். முகக் கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. முகத்தில் இருந்த அந்தக் கறுப்பு போயிருக்கிறது. செல்லில் பேசினோம்.

"எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன். நீங்க ஏன் சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீக?"

குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. பட்டனை அவிழ்த்து மறுபடி போட்டேன். அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். நர்ஸ் வந்து கண்ணாடியைத் தொடாதீங்க என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்து மூன்று வாரம். அவளுக்குத் தூசி ஆகாது, சில மாதங்களுக்குப் போஸ்டர் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அட்டையைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டுச் சுற்றி அடுத்த அறையில் வைத்திருக்கிறேன். எனக்குக் கனம் தூக்கக் கூடாது என்பதால் காஜா பாயின் ஆட்கள் வந்து தூக்கி வைத்தார்கள்.

இன்று அந்த டாக்டரம்மா போன் செய்தார். சோலை ஸ்பீக்கரில் போட்டாள். நலம் விசாரித்துவிட்டு, அந்தப் படத்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா, டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி என்று சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"இல்லைங்க டாக்டர். அது இன்னும் முடியல" என்றாள் சோலை.

போனை வைத்ததும் கேட்டேன், "எல்லா வீடும்தான் ஒட்டியாச்சே. இன்னும் என்ன?"

"இப்ப இருக்குற வீடு?"

ஆமாம். இந்த வீட்டை ஒட்டவில்லை. நான் அதை யோசிக்கவே இல்லை.

"சரி, இதுக்கு என்ன ஒட்டப் போற? சொல்லு, எடுத்து வைக்கிறேன்."

முகக் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, மெதுவாக அறையைச் சுற்றிப் பார்த்தாள். மிஷின், பீரோ, கொடியில் என் சட்டை, ஜன்னல், நான்.

"தெரியலைங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச வருசம் இருந்து பாத்தாத்தான் தெரியும்."

நான் எழுந்து போய் இரவுக்கு அரிசி களைந்தேன்.